சனிக்கிழமை காலையில் அறையில் இருக்காதீர்கள்: கொரியா பற்றிய உங்கள் கேள்விகள்

போன இதழில் வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவில், தென்கொரியாவின் பூசான் நகரத்தில் மூன்று வருடம் கணிதம் படிப்பித்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலானவர்கள் கேட்டது வேலையைப் பற்றி அல்ல, லீவு நாட்களைப் பற்றி. அதனால் இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எனக்கு 27 வயது. பெப்ரவரி கடைசியில் பூசானில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராகப் போகிறேன். ஒப்பந்தம், சம்பளம், வீடு எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. சனி, ஞாயிறு வந்தால் தனியாக என்ன செய்வது?
— வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. உங்கள் கேள்வியைப் படித்தபோது 2016 மார்ச் மாதத்து என் அறைதான் கண்முன் வந்தது. வார நாட்களில் வகுப்பு, கூட்டம், திருத்த வேண்டிய தாள்கள் என்று நேரம் ஓடிவிடும், தனிமை பக்கத்திலேயே வராது. அது வருவது சனிக்கிழமை காலையில். கொரியா நம் இலங்கையைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால் போகிறது. அங்கே காலை 9 மணிக்கு நீங்கள் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது இங்கே வெள்ளவத்தையில் 5.30. அம்மா எழும்பியிருக்க மாட்டார், சிநேகிதிகள் எழும்புவதற்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கும். கதைக்க ஒரு ஆள் இல்லாத அந்த நேரம்தான் ஆளை விழுத்தும். அதனால் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்த நேரத்தில் அறைக்குள் இருக்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டாலும் எட்டரைக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிடுங்கள்.

நான் இதை உடனே புரிந்துகொள்ளவில்லை. முதல் இரண்டு மாதமும் சனி ஞாயிறுகளில் போர்வைக்குள் கிடந்தேன், இல்லாவிட்டால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்று ஒரே நாளில் அதிவேக ரயிலில் தலைநகர் சோல் போய், இரண்டு அரண்மனை, ஒரு சந்தை, ஒரு கோபுரம் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பினேன். போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை. திங்கட்கிழமை வகுப்பில் நிற்கவே கால் வலித்தது. அரண்மனைகளில் எதுவும் இப்போது தெளிவாக நினைவில் இல்லை.

நினைவில் நிற்பது மே மாதத்து ஒரு சனியும் ஞாயிறும். 2016 மே 14 அங்கே புத்தர் பிறந்த நாள். நமக்கு வெசாக் அந்த வருடம் 21ஆம் திகதி. அவர்கள் சந்திரக் கணக்கில் நான்காம் மாதத்து எட்டாம் நாளைக் கொண்டாடுகிறார்கள், நாம் பௌர்ணமியை. அந்த வித்தியாசம்கூட எனக்கு அன்று காலையில்தான் தெரியும். முதலாம் இலக்க சுரங்க ரயிலில் பொமோசா என்ற நிலையத்தில் இறங்கி, 90ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். பஸ் முழுக்க வயதான பெண்கள். மலை வளைவுகளில் அது திரும்பத் திரும்ப, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், என் கையையும் ஒருவர் பிடித்துக்கொண்டார். பொமோசா கோயில் கி.பி. 678இல் உய்சாங் என்ற துறவியால் தொடங்கப்பட்டது என்கிறார்கள். முற்றம் முழுவதும் வரிசை வரிசையாகக் காகிதத் தாமரை விளக்குகள், தலைக்கு மேலே வானமே தெரியாத அளவுக்கு. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு குடும்பத்தின் பெயர் எழுதிய சீட்டுத் தொங்கியது. ஒரு பக்கத்தில் நீள வரிசை. எதற்கென்று தெரியாமலே நானும் நின்றேன். முடிவில் ஒரு கிண்ணத்தில் சோறும் ஐந்தாறு வகைக் கீரையும் மிளகாய்க் கூழும் போட்டுக் கையில் தந்தார்கள். காசு வாங்கவில்லை. நம் தன்சல்தான்! கொழும்பில் வெசாக் இரவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன்சல் வரிசையில் நின்ற பிள்ளைக்கு, அந்தக் கிண்ணத்தோடு படியில் உட்கார்ந்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் கற்பாறைகளுக்கு நடுவே ஒரு பாதை மேலே போகிறது. அதுதான் கும்ஜொங் மலை, உச்சி 801 மீற்றர். மேலே ஏற ஏறப் பழைய கோட்டை மதில் வரும். கொரியாவின் மலைக்கோட்டைகளில் மிகப் பெரியது அது, மதில் சுமார் 18 கிலோமீற்றர் சுற்றி ஓடுகிறது. கொரியர்களுக்கு மலையேறுவது என்பது நாம் பின்னேரத்தில் காலிமுகத்திடலுக்குப் போவது போல, விசேஷமான முயற்சி ஒன்றும் இல்லை. எழுபது வயதுக்காரர்கள் சிவப்பும் ஊதாவுமாக மலையேறும் உடுப்புப் போட்டு, என்னைத் தாண்டி விறுவிறு என்று போனார்கள். மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கேட்காமலே ஒரு வெள்ளரிக்காயை உரித்துக் கையில் வைத்தது. அப்புறம் பாதித் தோடம்பழம். எந்த ஊர் என்று கேட்டார்கள். "சிரிலாங்கா" என்றேன். அந்த அம்மா உடனே "ஹொங்சா!" என்றார், தேயிலை. சிவனொளிபாத மலையில் ஏறும்போது முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார்களே, அதே கை.

இறங்கும்போது மதிலுக்கு உட்பக்கம் சான்சொங் என்று ஒரு கிராமம். அங்கிருந்து 203ஆம் இலக்க பஸ் நேரே ஒன்சொன்ஜாங் என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதிக்கு இறங்கும். தெருவோரத்திலேயே இலவசமாகக் கால் நனைக்கும் தொட்டி ஒன்று உண்டு. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஊர்க் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் செலவானது பஸ், ரயில் காசு மட்டும்.

அடுத்த நாள் ஞாயிறு, மே 15, ஆசிரியர் தினம். கொரிய எழுத்தைத் தந்த சேஜோங் மன்னரின் பிறந்த நாளையே அவர்கள் ஆசிரியர் தினமாக வைத்திருக்கிறார்கள். படிப்பிக்கப் போகும் நீங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஞாயிறு லீவு என்பதால் வெள்ளிக்கிழமையே பிள்ளைகள் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவைக் குத்திவிட்டிருந்தார்கள். (அந்த வருடம் செப்டெம்பர் 28இல் அன்பளிப்புத் தடைச் சட்டம் வந்தது. அதன்பிறகு மாணவர் தனியாகத் தரும் பூவைக்கூட வாங்குவது பிரச்சினை. நீங்கள் எதையும் வாங்காதீர்கள், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.) அந்தப் பிள்ளைகளில் இரண்டு மாணவிகள் ஞாயிறன்று "பேராசிரியர் எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று பூசானுக்குப் பக்கத்தில் உள்ள கிம்ஹேக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் கதையைக் கீழே வேறொரு பதிலில் சொல்கிறேன்.

அந்த வார இறுதிக்குப் பிறகு நான் தூர ஊர்களைத் துரத்துவதை விட்டுவிட்டேன். கும்ஜொங் மலைக்கு மட்டும் மூன்று வருடத்தில் நாற்பது தடவைக்கு மேல் போயிருப்பேன். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனால்தான் கடைக்காரம்மா முகம் பார்த்துச் சிரிப்பார், பஸ் சாரதி தலையசைப்பார். புதிய ஊரில் ஒரு ஆளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னும் மூன்று விஷயம். போக்குவரத்து அட்டையை ஏறும்போது மட்டுமல்ல, பஸ்ஸில் இருந்து இறங்கும்போதும் தொட்டுவிடுங்கள், அப்போதுதான் அடுத்த பஸ்ஸுக்கு மாறும்போது கட்டணக் கழிவு கிடைக்கும். கூகுள் வரைபடம் நான் இருந்த காலத்தில் அங்கே நடைபாதைக்கு உதவவில்லை, நேவர் என்ற கொரிய வரைபடச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சூசொக், சொல்லால் என்ற இரண்டு பெரிய பண்டிகைகளுக்கும் ரயில் சீட்டு பல வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும். நான் முதல் வருடம் பையோடு நிலையத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவள்.

அக்கா, கொரிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு என்கிறார்கள். அவர்களும் அம்மா, அப்பா என்றுதான் சொல்கிறார்களாம். ஒரு தமிழ் இளவரசி அங்கே ராணியாக இருந்தார் என்பதும் உண்மையா?
— வாசகர், பம்பலப்பிட்டி

தம்பி, அந்த ராணியின் சமாதிக்கு முன்னால் நின்றிருக்கிறேன், அதனால் இந்தக் கேள்விக்கு ஆசையோடு பதில் சொல்கிறேன். பூசானின் சாசாங் நிலையத்தில் இருந்து கிம்ஹேக்கு, 2011இல் தொடங்கிய ஒரு சிறிய ரயில் ஓடுகிறது, சாரதியே இல்லாமல். முன்கண்ணாடியில் நின்றால் நக்தொங் ஆறு முழுவதும் காலடியில் விரியும். அந்த மாணவிகள் இருவரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள், பாருங்கள் என்று.

13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி எழுதிய சம்குக் யூசா என்ற நூல், கி.பி. 48இல் 'அயுதா' என்ற நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் கப்பலில் வந்து, அங்கே ஆண்ட சூரோ மன்னரை மணந்ததாகச் சொல்கிறது. அயுதா என்பது அயோத்தி என்பதே பரவலான விளக்கம். இல்லை, அது தென்னகம் என்று நம்மவர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆனால் நூல் எழுதப்பட்டது நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களுக்குப் பிறகு என்பதை மறக்கக் கூடாது. நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அதை வரலாறு என்று சொல்லிவிட நான் தயாரில்லை. சமாதி ஒரு பெரிய புல் மேடு. பக்கத்தில் ஒரு சிறு மண்டபத்துக்குள் சிவந்த கற்களை அடுக்கிய சின்னக் கோபுரம். கடல் கொந்தளிக்காமல் இருக்க ராணி கப்பலில் ஏற்றி வந்த கற்கள் என்பது ஐதீகம். மாணவிகளில் ஒருத்தியின் குடும்பப் பெயர் கிம், சூரோவின் வழி வந்த கிம்ஹே கிம் வம்சம். "அப்படியானால் பேராசிரியர் எனக்குப் பாட்டி வழிச் சொந்தம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஆராய்ச்சி எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் கைச் சூடு எனக்கு உண்மை.

மொழி விஷயம் வேறு. 'ஒம்மா', 'அப்பா' என்று அவர்கள் அழைப்பது சரிதான், 'நா' என்றால் 'நான்' என்பதும் சரிதான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உதடு சேர்ந்து பிரியும் ஒலிகள்தான் எந்தக் குழந்தைக்கும் முதலில் வரும். அதனால் அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் விளையாட்டு மைதானத்தில் ஒரு குழந்தை பின்னால் இருந்து "அப்பா!" என்று கத்தும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

மூன்று வருடம் கிரிக்கெட் இல்லாமல் எப்படி இருந்தீர்கள்?
— வாசகர், மருதானை

2014 இஞ்சொன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஆண்கள் அணி கிரிக்கெட் தங்கம் வென்றது கொரிய மண்ணில்தான், ஆனால் அங்குள்ளவர்களிடம் சொன்னால் கிரிக்கெட் என்றால் என்ன என்று கேட்பார்கள். அவர்களுக்கு பேஸ்போல். தொழில்முறைப் போட்டிகள் 1982இல் தொடங்கின, பூசானின் லொட்டே ஜயன்ட்ஸ் முதல் வருடத்தில் இருந்தே ஆடுகிறது. 1984இலும் 1992இலும் கிண்ணம் வென்றார்கள், அதன்பிறகு நான் ஊர் திரும்பும்வரை வெல்லவே இல்லை. அப்படியும் சாஜிக் மைதானம் நிரம்பும். ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பாட்டு, தனி ஆட்டம். கெத்தாராமை மைதானத்தில் பப்பரே வாத்தியம் கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே ஐந்து நிமிடத்தில் கால் தானாக ஆடும். வெளியே இருந்து சாப்பாடு கொண்டுபோகலாம், நான் தயிர்ச்சாதம் கொண்டுபோயிருக்கிறேன்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வேறொன்று. அடித்த பந்து கூட்டத்துக்குள் வந்து விழுந்து ஒரு பெரியவர் பிடித்துவிட்டால், அந்தப் பக்கம் முழுவதும் "அஜுரா! அஜுரா!" என்று கத்தத் தொடங்கும். பூசான் பேச்சில் "பிள்ளைக்குக் குடு" என்று அர்த்தம். அவர் சுற்றிப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளைக்குப் பந்தைக் கொடுக்கும்வரை விடமாட்டார்கள். கொடுத்ததும் ஒரு கைதட்டல் வரும் பாருங்கள், ஆறு அடித்ததற்குக்கூட அப்படி வராது. நான் கற்றுக்கொண்ட முதல் பூசான் வழக்குச் சொல் அதுதான்.

என் பேரன் அவுஸ்திரேலியாவில் பிறந்தவன். தேகு நகரத்துப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறான். வெள்ளிக்கிழமையில் மரக்கறி சாப்பிடு என்று சொல்லியிருக்கிறேன், லீவு நாளில் வெளியே போனால் எதுவும் கிடைக்காது என்கிறான். பொய் சொல்கிறானா?
— ஒரு பாட்டி, கொட்டாஞ்சேனை

பொய் இல்லை அம்மா, பாவம் அவன். மேலே பார்த்தால் மரக்கறி, உள்ளே கடல். சூப் கொதிக்கவைப்பது நெத்தலிக் கருவாட்டில். கிம்ச்சி என்ற ஊறுகாயில் மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும். "கொகி பெஜுசெயோ", அதாவது இறைச்சி இல்லாமல் தாருங்கள் என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிடுவார்கள், மீன் சாறு அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. உண்மையான மரக்கறி வேண்டுமென்றால் கோயில் சாப்பாடுதான். அதில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது, உங்கள் மனதுக்கு இன்னும் பிடிக்கும். தேகுவில் இருந்து பால்கோங் மலைப் பக்கம் பஸ்ஸில் போகலாம், தொங்வா கோயில் அங்கேதான். குளிர்காலத்தில் தெருவில் சுட்ட வற்றாளைக் கிழங்கு விற்பார்கள். வெயிற்காலத்தில் குளிர்ந்த சோயாப் பாலில் நூடில்ஸ் போட்டுத் தருவார்கள். வெள்ளிக்கிழமைக்கு அது போதும் என்று அவனிடம் சொல்லுங்கள்.

பொதுக் குளியலறையில் உடுப்பே இல்லாமல் குளிக்க வேண்டும் என்பது உண்மையா? நினைத்தாலே உடம்பு கூசுகிறது.
— வாசகி, கொள்ளுப்பிட்டி

உண்மை. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும், அதில் அவர்கள் கண்டிப்பு. நான் மூன்று தடவை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காவது தடவை உள்ளே போனபோது தெரிந்தது, என்னை யாருமே பார்க்கவில்லை. பாட்டியும் மகளும் பேத்தியும் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா தன் சொரசொரப்பான துணியைக் காட்டி, முதுகைத் திருப்பு என்று சைகை செய்தார். தேய்த்து முடித்ததும் தன் முதுகைத் திருப்பினார். என் அம்மம்மாவுக்குக் கிணற்றடியில் முதுகு தேய்த்துவிட்டதற்குப் பிறகு அன்றுதான் இன்னொருவர் முதுகைத் தேய்த்தேன். அந்த வெட்கத்தோடு கூடவே உடம்பைப் பற்றி எனக்கிருந்த பல பயங்களும் கழுவிப் போயின.

முடியாது என்றால் உங்களை நீங்களே வற்புறுத்தாதீர்கள். ஜிம்ஜில்பாங் என்ற சூட்டறைப் பகுதியில் எல்லோரும் அவர்கள் தரும் காற்சட்டையும் சட்டையும் போட்டிருப்பார்கள். சூடான தரையில் படுத்து, சுட்ட முட்டை சாப்பிட்டு, சோற்றில் செய்த இனிப்புப் பானம் குடிக்கலாம். கால் தொட்டி பற்றி மேலே சொன்னேன்.

நான் பட்டதாரி, ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்க விசா எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், தெஹிவளை

கொடுக்காதீர்கள். ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுப் பிரஜைகளுக்கு: அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அது இல்லை. என்னைப் போல வேறு பாடத்தில் மேற்படிப்பு இருந்தால் பல்கலைக்கழகம் நேரடியாகவே ஈ-1 விசாவுக்கு ஆவணம் அனுப்பும், நடுவில் ஒருவருக்கும் வேலை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தாயின் நகையை அடகுவைத்து இப்படி ஒருவரிடம் கொடுத்தது, அந்த நகை இன்னும் மீளவில்லை.

என் அண்ணா கிம்ஹேயில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஞாயிறு மட்டும்தான் லீவு. நாள் முழுக்க அறையில் படுத்திருக்கிறார் என்று அம்மா அழுகிறார். நீங்கள் படிப்பிக்கப் போனவர், அவருக்கும் ஏதாவது சொல்வீர்களா?
— வாசகி, வத்தளை

மகள், உங்கள் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். எனக்கு இரண்டு நாள் லீவு, கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. உங்கள் அண்ணாவுக்கு ஒரு நாள், உடம்பு முழுக்க வலி. அவர் மலையேற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தூங்கட்டும், பகல்வரை நன்றாகத் தூங்கட்டும்.

ஆனால் கிம்ஹே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மே மாத ஞாயிறு சமாதிகளைப் பார்த்துவிட்டு நாங்கள் தொங்சாங் என்ற பழைய சந்தைப் பக்கம் நடந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெரு முழுக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள், நேபாளம், உஸ்பெகிஸ்தான், வியட்நாம், நம் நாடு. ஒரு மளிகைக் கடையில் கறித்தூள் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி நான் தொலைபேசியில் தமிழில் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினார். ஹற்றன் பக்கத்து ஆள். இரண்டு வருடமாக அந்த ஊரில் இருந்தார், சூரோ மன்னரின் சமாதி நடந்து போகும் தூரத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. என் மாணவிகளே கூட்டிப் போனார்கள். அவர் புல்மேட்டைப் பார்த்ததைவிட, வாசலுக்கு வெளியே ஆலமரம் போலப் பரந்து நின்ற மரத்தின் கீழ் பாய் விரித்திருந்த குடும்பங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தொலைபேசியில் அம்மாவை அழைத்து, படத்தைத் திருப்பி அந்த மரத்தைக் காட்டினார்.

அண்ணாவிடம் சொல்லுங்கள்: சூரோ சமாதிக்கு உள்ளே போகக் காசு இல்லை, சிறிய ரயிலில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. பகல் தூக்கம் முடிந்து மூன்று மணிக்குப் போனால் போதும், அங்கிருந்து தொங்சாங் சந்தைக்கு நடந்து, கறித்தூளும் பருப்பும் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். அவர் அந்த மரத்தடியில் இருந்து அழைக்கும்போது இங்கே மதியம்தான். அம்மாவைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.